டருஃபியின் 1957 வெற்றி: ஜெயித்தாரா, ஜெயிக்க விட்டார்களா?

நெடுஞ்சாலைப்பித்தன் கேட்டது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் சந்தேகம் இது, இங்கே பழைய பந்தயங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பியெரோ டருஃபி என்ற இத்தாலிய ஓட்டுநரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வருகிறது. இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடும் மில்லே மில்யா பந்தயத்தை ஜெயிக்க வேண்டும் என்று இளம் வயதிலிருந்து முயன்றார், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தட்டிப்போனது, கடைசியில் 1957 மே 12-ஆம் தேதி, 50 வயதில், ஃபெராரி 315 எஸ் காரில் ஜெயித்தார், ஜெயித்தால் விட்டுவிடுகிறேன் என்று மனைவி இசபெல்லாவுக்குக் கொடுத்திருந்த வாக்கைக் காப்பாற்றி அத்தோடு பந்தயத்தை விட்டார். இதுவரைக்கும் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. அடுத்த வரியில்தான் சிக்கல். ‘இரண்டாவதாக வந்த வொல்ஃப்காங் வான் டிரிப்ஸ் நினைத்திருந்தால் தாண்டியிருக்கலாம், ஃபெராரி குழுவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பின்னாலேயே வந்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். கடைசியில் இரண்டு கார்களும் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தனவாம்.

அப்படியென்றால் அது வெற்றியா, பரிசாகக் கொடுத்ததா? வான் டிரிப்ஸுக்கு அப்போது 29 வயது. இவர் நரைத்த தலைக்காரர். பெரியவருக்கு வழிவிட்டார் என்று நம்புவது சுலபமாக இருக்கிறது, ஆனால் அப்படி நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ கணக்கில் டருஃபிக்கு இருப்பது ஒரே ஒரு வெற்றி, 1952 சுவிஸ் கிராண்ட் பிரீ. அதை வைத்துப் பார்த்தால் நடுத்தரமான ஓட்டுநர் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி ஆழமாகப் படித்தவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரலே மாறுகிறது. ஏன்?

*

கணக்குவாத்தியார் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அது என் பாடம் என்பதால். கதைகளை ஓரமாக வைத்துவிட்டு எண்களைப் பாருங்கள் தம்பி.

மில்லே மில்யாவில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப மாட்டார்கள். பிரெஷியா நகரத்து மேடையிலிருந்து ஒவ்வொரு காராக இறக்கிவிடுவார்கள். முந்தின நாள் இரவிலேயே சின்னக் கார்கள் கிளம்பிவிடும், வேகமான பெரிய கார்கள் விடியற்காலையில் கடைசியாகப் போகும். எந்தக் கார் எப்போது கிளம்பியது என்று வழியில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகக் கிளம்பிய நேரத்தையே காரின் எண்ணாக எழுதிவிடுவார்கள். டருஃபியின் எண் 535, அதாவது காலை 5 மணி 35 நிமிடம். வான் டிரிப்ஸின் எண் 532, அவர் 5:32-க்குக் கிளம்பியவர், டருஃபிக்கு மூன்று நிமிடம் முன்னால்.

இப்போது முடிவைப் பாருங்கள். டருஃபி எடுத்துக்கொண்ட நேரம் 10 மணி 27 நிமிடம் 47 விநாடி. வான் டிரிப்ஸ் 10 மணி 30 நிமிடம் 48 விநாடி. கிளம்பிய நேரத்தோடு கூட்டுங்கள். டருஃபி பிரெஷியாவுக்குத் திரும்பியது மாலை 4:02:47. வான் டிரிப்ஸ் திரும்பியது 4:02:48.

சாலையில் ஒரே ஒரு விநாடி வித்தியாசம்! ஒட்டிக்கொண்டு வந்தார்கள் என்று நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் ஒட்டிக்கொண்டு வந்தாலே டருஃபி மூன்று நிமிடம் முன்னணியில் இருக்கிறார் என்றுதான் பொருள். வழியிலேயே அந்த மூன்று நிமிட இடைவெளியை அடைத்து வான் டிரிப்ஸைப் பிடித்துவிட்டார் அவர். அதற்குப் பிறகு வான் டிரிப்ஸ் சும்மா தாண்டிப் போவதால் ஒன்றும் ஆகாது. தாண்டி, அதற்கு மேல் மூன்று நிமிடம் தள்ளிப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு டருஃபியின் சராசரி வேகம் மணிக்கு 152.6 கிலோமீட்டர், அந்த வேகத்தில் மூன்று நிமிடம் என்பது ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல். டருஃபியின் கண்ணுக்கே தெரியாத தூரம்.

டிராக் பந்தயம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன் ‘தாண்டாமல் விட்டுக்கொடுத்தான்’ என்று தோன்றுகிறது. இது அந்த வகைப் பந்தயமே இல்லை. இங்கே எதிராளி கடிகாரம்தான். அவ்வளவுதான், என்னைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

*

பழைய_கார்பரேட்டர் பதில்:

வாத்தியார் சார், கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் வழக்கு முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மனிதரைப் பற்றிச் சுருக்கமாகப் பேச எனக்கு வராது.

டருஃபியின் காரில் பின் அச்சு கெட்டுக்கொண்டிருந்தது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அன்று முன்னணியில் பறந்துகொண்டிருந்தவர் பீட்டர் காலின்ஸ், நாலு லிட்டர் 335 எஸ் காரில். அவர் காரும் அதே இடத்தில்தான் அடி வாங்கிப் பார்மாவில் நின்றுபோனது. டருஃபியின் காரும் பொலோனியா வரும்போதே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. பொலோனியா சாவடியில் என்ஸோ ஃபெராரி நின்றிருந்தார், நிறுத்திவிடலாமா என்று டருஃபி யோசித்தபோது காலின்ஸின் காரும் தாங்காது, நீங்கள் போங்கள் என்று தைரியம் சொல்லி அனுப்பினார் என்பார்கள். பொலோனியாவிலிருந்து பிரெஷியா வரை இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கும். மொதேனா, பார்மா, பியாசென்சா, கிரெமோனா, மாந்துவா என்று போ சமவெளியில் முழுக்கத் தட்டையான சாலை, நெடுநேரம் காலை அழுத்தியே ஓட்டலாம். நோயாளிக் காரை விட நல்ல கார் அங்கே கிலோமீட்டருக்கு ஒரு விநாடி மிச்சம் பிடித்தாலே மூன்று நிமிடம் எட்டாத தூரமில்லை. ஆகவே வான் டிரிப்ஸ் மூச்சைப் பிடித்து ஓட்டியிருந்தால் வாய்ப்பு இருந்தது என்பது என் எண்ணம். அவர் ஓட்டவில்லை. காலின்ஸும் போன பிறகு ஃபெராரிக்கு முதல் இரண்டு இடமும் கையில் இருந்தது. ஸ்டிர்லிங் மாஸின் மஸெராட்டி கிளம்பிய சில நிமிடத்திலேயே பிரேக் பெடல் ஒடிந்து நின்றுவிட்டது. துரத்த வெளியாள் யாருமில்லை. அந்த நேரத்தில் தங்களுக்குள் அடித்துக்கொண்டு இரண்டு காரையும் உடைக்க எந்தக் குழு சம்மதிக்கும்?

சரி, அப்போது இது பரிசா? இல்லை தம்பி. இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. உடைந்துகொண்டிருக்கும் பின் அச்சோடு 300 கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. காலின்ஸ் டருஃபியை விட வேகமானவர், அன்று ரோமிலும் அவர்தான் முன்னால், ஆனால் அவர் கார் வரவில்லை. டருஃபியின் கார் வந்தது. தற்செயல் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் படித்த பொறியாளர். ரோமில் 1906-ல் பிறந்து, பொறியியல் பட்டம் வாங்கி, இயந்திரம் எங்கே வலிக்கிறது என்று காதாலும் இருக்கையாலும் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். எங்கே காலை எடுக்க வேண்டும், எந்தக் கியரில் எவ்வளவு இழுத்தால் பல்சக்கரம் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு நாள்பட்ட பழக்கம்.

நான் முப்பது வருஷமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். டிஃபரன்ஷியல், அதாவது பின் அச்சில் இருக்கும் பல்சக்கரத் தொகுதி, ஊளையிடும் வண்டியை ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். திரும்பி ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கிற கணம்தான் அதைக் கொல்கிற கணம். மெதுவாக வை, மெதுவாக எடு, இடையில் அதிர்ச்சியே கொடுக்காதே. இதை 60 கிலோமீட்டர் வேகத்தில் செய்யவே கை வியர்க்கும். அவர் 3.8 லிட்டர் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் தனியாக ஓட்டிக் களைத்த உடம்போடு செய்தார்.

அப்புறம், கிராண்ட் பிரீ எண்ணிக்கையை வைத்து அவரை எடை போடாதீர்கள். அவர் வாழ்க்கை தொடங்கியதே இரண்டு சக்கரத்தில். 1932-ல் ரோமில் நடந்த ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயை 500 சிசி பிரிவில் நார்ட்டன் வண்டியில் ஜெயித்தவர். பிறகு ரோந்தினே என்ற நாலு சிலிண்டர் பைக்கை வளர்த்தெடுத்ததில் அவர் பங்கு பெரிது, அந்த வடிவமைப்பை ஜிலேரா என்ற பைக் கம்பெனி வாங்கியபோது அவரும் அங்கே போனார். 1937 அக்டோபரில் பிரெஷியா–பெர்கமோ நெடுஞ்சாலையில், வண்டி முழுவதையும் தகட்டால் மூடிக்கொண்டு, மணிக்கு 274.181 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை வைத்தார். ஒரு மாதத்திலேயே பி.எம்.டபிள்யூ அதை முறியடித்தது, அது வேறு கதை. 500 சிசி எஞ்சின், 1937-ஆம் வருஷத்து டயர், அதில் 274! போருக்குப் பிறகு ஜிலேராவின் பந்தயக் குழுவையும் அவர்தான் நடத்தினார். 1950-களில் ஜிலேராவின் நாலு சிலிண்டர் பைக்குகள் உலக சாம்பியன் பட்டங்களை வரிசையாக வாங்கினவே, அந்தக் குழுவைத்தான் சொல்கிறேன். குறுக்காக வைத்த நாலு சிலிண்டர் எஞ்சினை இன்று தெருவில் நிற்கும் எத்தனையோ ஜப்பானியப் பைக்குகளில் பார்க்கிறோம், அந்த வம்சத்தின் வேரில் இவர் கையும் இருக்கிறது.

1948-ல் இன்னொன்று செய்தார். இரட்டை டார்பிடோ. இரண்டு நீளமான சுருட்டு வடிவக் கூடுகளை இணையாக வைத்து நடுவில் ஒட்டிவிட்டார். ஒன்றில் ஓட்டுநர், மற்றொன்றில் எஞ்சின். ஸ்டியரிங் வளையம் கிடையாது, இரண்டு கைக்கும் நெம்புகோல். பார்த்தால் விநோதமாக இருக்கும், காற்றை எதிர்க்கும் முகப்பு குறைய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் பிறந்த வடிவம் அது. சிறிய எஞ்சின்களை வைத்துக்கொண்டு அந்த வண்டியில் சாதனை மேல் சாதனை வைத்தார், 1951-ல் 1.7 லிட்டர் மஸெராட்டி எஞ்சினோடு மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கிவிட்டார். தானே வரைந்து, தானே கட்டி, தானே உள்ளே படுத்துக்கொண்டு ஓட்டியவர்கள் அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்தால் பட்டியல் இன்னும் கனம். 1951 நவம்பரில் மெக்சிகோவின் தெற்குப் பகுதியிலிருந்து வடக்கு எல்லை வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கரேரா பனமெரிக்கானா. லூயிஜி கினெட்டியோடு ஃபெராரி 212 காரில் போனார். முதல் கட்டத்திலேயே டயர்கள் கிழிந்து நேரம் போயிற்று, அங்கிருந்து மீண்டு வந்து ஜெயித்தார்கள், ஆஸ்காரியும் வில்லொரேசியும் இரண்டாவது. மெக்சிகோக்காரர்கள் அவருக்கு ‘வெள்ளி நரி’ என்று பெயர் வைத்தார்கள், நரைத்த முடிக்கும் ஓட்டிய தந்திரத்துக்கும் சேர்த்து.

1954-ல் டார்கா ஃப்ளோரியோ. எனக்கு மில்லே மில்யாவை விட இதுதான் உசத்தி. சிசிலியின் மலைச்சாலை, ஒரு சுற்று 72 கிலோமீட்டர், அதில் எட்டு சுற்று. நிமிர்ந்து மூச்சு விடக்கூட நேர்கோடு கிடைக்காது, வளைவுக்குள் வளைவு. லான்சியா டி24 காரில், விட்டோரியோ யானோ வடிவமைத்த வி6 எஞ்சின், தனியாளாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மெதுவான பந்தயம் என்று யாராவது சொன்னால் அந்தச் சாலையின் வரைபடத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதே வருஷமும் அடுத்த வருஷமும் சிசிலியைச் சுற்றி ஓடும் ஜிரோ டி சிசிலியாவையும் ஜெயித்தார், முதலில் லான்சியாவில், அடுத்து ஃபெராரியில்.

அந்த ஒரே கிராண்ட் பிரீ வெற்றியைச் சொன்னீர்கள். 1952-ல் அவர் உலக சாம்பியன்ஷிப்பில் மூன்றாவது இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1955-ல் மோன்ஸா திடலில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீக்கு மெர்சிடிஸ் அவரை அழைத்துக் கார் கொடுத்தது, ஃபாஞ்சியோவுக்குப் பின்னால் ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார். வயது 48. யாரைக் கூப்பிட்டால் கார் உடையாமல் முழுசாக வந்து சேரும் என்பது குழு நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

மில்லே மில்யாவில் மட்டும்தான் அவருக்கு வாய்க்கவில்லை. 1954-ல் லான்சியாவில் ரோமில் முன்னணி, அதற்கு அப்பால் சாலையை விட்டு விலகிப் போய் முடிந்தது, ஆஸ்காரி ஜெயித்தார். 1955-ல் பெஸ்காரா வரும்போது மாஸையே முந்தி நின்றார், ரோமைத் தாண்டியதும் எண்ணெய் பம்ப் கெட்டது. இத்தனை தடவை இயந்திரம் ஏமாற்றிய மனிதர், 1957-ல் பின் அச்சு முனக ஆரம்பித்ததும் மனதுக்குள் என்ன நினைத்திருப்பார்? அப்படியும் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். இதை யாராவது பரிசு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

*

கணக்குவாத்தியார் பதில்:

கார்பரேட்டர் அண்ணா, கிலோமீட்டருக்கு ஒரு விநாடி என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒன்று. மூன்று நிமிடம் பின்னால் இருந்தவர் முயற்சி செய்யவில்லை என்பதும், முன்னால் இருந்தவர் நின்று வழிவிட்டார் என்பதும் ஒன்றல்ல. நெடுஞ்சாலைப்பித்தன் படித்த கட்டுரைகள் இரண்டாவதைப் போல எழுதுகின்றன. அதைத்தான் நான் மறுத்தேன். நாம் இருவரும் சொல்வது ஒன்றுக்கொன்று முரணில்லை என்று நினைக்கிறேன்.

*

வளைவுக்கரசி பதில்:

இரண்டு பேர் எழுதியதையும் ரசித்துப் படித்தேன். ஆனால் இவ்வளவு நேரம் அந்த நாளைப் பற்றிப் பேசியும் குய்டிட்சோலோ என்ற பெயர் யார் வாயிலும் வரவில்லை. அதைச் சொல்லாமல் டருஃபி ஏன் விலகினார் என்பதைப் பேச முடியாது என்பதால் நான் சொல்கிறேன்.

மாந்துவாவைத் தாண்டி பிரெஷியா நோக்கிப் போகும் நேரான சாலையில் குய்டிட்சோலோ என்ற ஊருக்குப் பக்கத்தில், இன்னொரு ஃபெராரி, எண் 531, ஸ்பெயின்காரர் அல்ஃபோன்சோ டி போர்டாகோ ஓட்டியது, டயர் வெடித்துச் சாலையை விட்டுத் தூக்கி எறியப்பட்டது. பந்தயம் முடிய இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. டி போர்டாகோவும் உடன் இருந்த எட்மண்ட் நெல்சனும் இறந்தார்கள். சாலையோரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை, சிவப்புக் கார் போவதைப் பார்க்க வீட்டு வாசலுக்கு வந்து நின்ற குழந்தைகள்.

பிரெஷியாவில் டருஃபி தன் வாழ்நாள் ஆசையை அடைந்த அதே பிற்பகல்தான் இதுவும். மில்லே மில்யா வேகப் பந்தயமாக அதோடு முடிந்துபோனது. 1927-ல் தொடங்கியது, முப்பது வருஷம். அடுத்த நாலு வருஷத்தில் அந்தப் பெயரில் சாலை விதிக்கு உட்பட்டு ஓடும் ராலி போல மூன்று தடவை நடத்தினார்கள், அது வேறு. என்ஸோ ஃபெராரி மீது மரணம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள், அந்த வேகத்துக்குத் தாங்காத டயரைப் போட்டார் என்பது குற்றச்சாட்டு. 1961 வரை இழுத்து, கடைசியில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

நான் டருஃபியை மதிப்பது இதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியத்துக்காக. அதே வருஷம் ஒரு அமெரிக்க வார இதழில் கட்டுரை எழுதினார். தலைப்பையே ‘நாங்கள் மறுபடியும் கொல்வதற்குள் எங்களை நிறுத்துங்கள்’ என்று வைத்தார்கள். இதில் ‘எங்களை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டயர் கம்பெனியையோ முதலாளியையோ சாலையோரம் வந்து நின்ற ஜனங்களையோ கை காட்டாமல் தன்னையும் சேர்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கச் சாலைப் பந்தயத்தால் பேர் வாங்கியவர், அதிலேயே மிகப் பெரியதை அப்போதுதான் ஜெயித்தவர், இந்தக் கார்கள் இந்தச் சாலைக்கு மிஞ்சிவிட்டன என்று சொன்னார்.

*

பழைய_கார்பரேட்டர் பதில்:

வளைவுக்கரசி அம்மா, நீங்கள் சொன்னது சரி, நான் விட்டிருக்கக் கூடாது. ஆனாலும் மனதில் ஒன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். கோப்பை கைக்கு வந்த பிறகு நிறுத்துங்கள் என்று சொல்வது கொஞ்சம் சுலபம் இல்லையா? 1955-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயத்தில் 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவரும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். குறை சொல்லவில்லை. அவர் மேல் இருக்கும் மரியாதையினாலேயே கேட்கிறேன்.

*

வளைவுக்கரசி பதில்:

நியாயமான கேள்விதான் அண்ணா. நானும் இதை யோசித்திருக்கிறேன்.

சாவை அதற்கு முன்னால் அவர் பார்க்காமல் இல்லை. 1953-ல் மெக்சிகோவில் அதே கரேரா பனமெரிக்கானாவில் லான்சியா குழுவில் அவரோடு ஓடிய ஃபெலீச்சே பொனெட்டோ வழியிலேயே இறந்தார். அந்தப் பந்தயத்தில் ஃபாஞ்சியோ முதலாவது, டருஃபி இரண்டாவது, காஸ்டெலொட்டி மூன்றாவது. ஆஸ்காரி 1955-ல் மோன்ஸாவில் போனார். காஸ்டெலொட்டி 1957 மார்ச்சில், மில்லே மில்யாவுக்கு இரண்டே மாதம் முன்னால், மொதேனாவில் ஃபெராரி காரைச் சோதித்துப் பார்க்கும்போது போனார். இதெல்லாம் ஓட்டுநர்கள். தெரிந்தே உள்ளே உட்கார்ந்தவர்கள். அந்தத் தலைமுறை இதைத் தங்கள் தொழிலின் விலை என்று ஏற்றுக்கொண்டிருந்தது, சரியோ தப்போ. குய்டிட்சோலோவில் செத்த குழந்தைகள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வித்தியாசம்தான் அவரைத் தொட்டது என்று நான் நினைக்கிறேன். லெ மான்ஸில் இறந்ததும் பெரும்பாலும் பார்வையாளர்கள்தான், அங்கே நீங்கள் கேட்பது நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பேசியது சுலபம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தாலியில் மில்லே மில்யா ஒரு திருவிழா மாதிரி. கோடை வரப்போகிறது என்பதற்கு அடையாளமே அந்தக் கார்களின் சத்தம்தான் என்று வளர்ந்த ஊர்கள் இருந்தன. அந்தத் திருவிழாவின் கடைசி நாயகன், ரோமாபுரியில் பிறந்தவர், ‘போதும்’ என்று வெளியே வந்து சொல்வது லேசில்லை. ஓய்வு பெற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அன்று ஃபெராரியின் பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டியவர்கள் நாலு பேர். டி போர்டாகோ அன்றைக்கே போனார். காலின்ஸ் அடுத்த வருஷம் ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில். வான் டிரிப்ஸ் 1961 செப்டம்பரில் மோன்ஸாவில், உலக சாம்பியன் ஆகப் போகிற நிலையில், அவர் காரோடு 15 பார்வையாளர்களும். நாலில் மிச்சம் டருஃபி ஒருவர்தான். அவர் 1988 வரை இருந்தார், 81 வயது. இசபெல்லாவுக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு பெரியது என்பது இந்த நாலு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

*

பழைய_கார்பரேட்டர் பதில்:

நாலு பேரையும் இப்படிச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அம்மா.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், கேட்ட தம்பிக்கு உதவும். விலகின பிறகு அவர் சும்மா இருக்கவில்லை, பந்தய ஓட்டும் நுட்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வளைவை எங்கே தொடங்குவது, ஆரத்தை எப்படிப் பெரிதாக்கிக்கொள்வது, டயரின் பிடிமானத்தில் எவ்வளவைப் பிரேக்குக்குக் கொடுத்து எவ்வளவைத் திரும்புவதற்கு மிச்சம் வைப்பது என்று படம் போட்டு, கணக்குப் போட்டு விளக்கியிருப்பார். வாத்தியார் சாருக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் ‘உள்ளுணர்வு’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட விஷயத்தை இவர் எண்ணாக்கிக் காட்டினார். ரோமுக்குப் பக்கத்தில் வல்லெலுங்கா என்று ஒரு பந்தயத் திடல் இருக்கிறது, அதற்கு அவர் பெயர்தான். மூடிய திடல், பொதுச் சாலை இல்லை. பொருத்தமான இடத்தில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

நெடுஞ்சாலைப்பித்தன் பதில்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

வாத்தியார் சார், இந்தக் கார்களின் எண்ணை எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன், அது கிளம்பிய நேரம் என்று இன்றைக்குத்தான் தெரியும். 531, 532, 534, 535 என்று பார்க்கும்போது இப்போது விடிகாலை பிரெஷியா கண்ணில் தெரிகிறது, ஒரு நிமிடத்துக்கு ஒரு காராக மேடையிலிருந்து இறங்கிப் போகிறார்கள். நாலு நிமிடத்துக்குள் கிளம்பிய நாலு பேர். அதில் ஒருவர் அன்று மாலை திரும்பி வரவில்லை, இரண்டு பேர் ஒரு விநாடி வித்தியாசத்தில் வந்தார்கள், ஒருவர் பார்மாவில் காரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

கார்பரேட்டர் அண்ணா, டார்கா ஃப்ளோரியோ வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன், அவ்வளவு வளைவு. அதை எட்டு சுற்று, தனியாக! இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரட்டை டார்பிடோவைப் பற்றித் தேடப் போகிறேன். நெம்புகோலால் திருப்புவது எப்படி வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் தனி இழை தொடங்குங்கள்.

வளைவுக்கரசி அக்கா, நான் கேட்ட கேள்வியில் அந்தக் குழந்தைகள் இல்லவே இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வியே கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

பழைய பந்தயங்களைப் பற்றி நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 1957 பக்கத்தில் ‘வான் டிரிப்ஸ் விட்டுக்கொடுத்தார்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். அதற்குக் கீழே 4:02:47 என்றும் 4:02:48 என்றும் எழுதி, பக்கத்தில் குய்டிட்சோலோ, ஒன்பது பேர், ஐந்து குழந்தைகள் என்று சேர்த்திருக்கிறேன்.